நீயும் மச்சானும் கொழும்பு பார்த்த நாலு நாள்

என் ஆசை தெய்வானக்கா,

எங்கே இருந்தாலும் கம்பளியை நன்றாகப் போர்த்திக்கொண்டு இதைக் கேள். வருகிற வெள்ளிக்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. உனக்கு நினைவு நோட்டீஸ் அடிக்கலாம் என்று இவர் என்னை ஊட்டியில் ஒரு அச்சாபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்தவர் ஒரு அட்டையை நீட்டினார். எந்தச் சாவுக்கும் பொருந்துகிற மாதிரி நாலு வரி அதில் தயாராக இருந்தது. பேரை மட்டும் மாற்றிக்கொள்ளலாமாம். "பொறுமையின் சிகரமே" என்று ஆரம்பித்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ பொறுமைசாலியா அக்கா? சோறு வடிக்கும் முன்பே தட்டோடு உட்காருகிறவள் அல்லவா நீ!

"வேணும்னா நீங்களே எழுதிக் குடுங்க அம்மிணி, சின்ன எழுத்துல போட்டுக்கலாம்" என்றார் அவர். அதனால் எழுதுகிறேன். நாலு வரிக்குள் நிற்கவில்லை. படிக்கிறவர்கள் படிக்கட்டும். நான் உனக்குச் செய்த ஒரு காரியம் நாலு பேருக்குத் தெரியத்தான் வேண்டும்.

ஹட்டனுக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் நாம் இரண்டு பேரும் ஒரே படங்குச் சாக்கு விரிப்பில் படுத்து வளர்ந்தோம். நாலு பக்கமும் மலை. கடல் என்று ஒன்று இருப்பதைப் பள்ளிக்கூடத்துச் சுவர்ப் படத்தில்தான் பார்த்திருந்தோம். இந்தியாவுக்குப் போகப் பதிந்த அன்று அப்பா நம்மிடம் சொன்னார்: "நாட்டுக்குப் போறதுக்கு முன்னால ரெண்டு புள்ளைகளையும் கொழும்புக்குக் கூட்டிக்கிட்டுப் போயி கடலைக் காட்டிப்புடுவேன்." அதற்குப் பிறகு கொழுந்து எடுக்கும்போதெல்லாம் நமக்கு அதே பேச்சு. கையைக் கோத்துக்கொண்டு முழங்கால் மட்டும் தண்ணீரில் இறங்குவது, அலை வந்தால் யார் முதலில் கத்துவது, ரிக்‌ஷாவில் யார் ஓரத்தில் உட்காருவது. மூன்று வருஷம் பேசினோம். இந்தியாவுக்குப் போகிற காகிதம் வர அவ்வளவு காலம் ஆயிற்று.

காகிதம் வருவதற்குள் உனக்குக் கல்யாணம் வந்தது.

மச்சான் நல்லவர்தான். அதை எப்போதும் நான் மறுத்ததில்லை. அவருடைய சித்தப்பா கொழும்பில் புறக்கோட்டைக் கடை ஒன்றில் வேலை பார்த்தார். புதுப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் விருந்துக்கு வரச் சொல்லிக் கடிதம் போட்டார். கப்பலுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. நான் என் நல்ல பாவாடையைத் துவைத்துக் காயப் போட்டேன். யாரும் கூப்பிடவில்லைதான். அப்பா கொடுத்த வாக்கு இதோடு சேர்ந்து நிறைவேறும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அப்பா பாவாடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"புதுசா கல்யாணம் முடிச்சதுக போகுதுக. நடுவுல நீ என்னாத்துக்கு? நம்மதான் கப்பல்ல போகப்போறமே, கடலை அப்பப் பாத்துக்க."

நீ வாசலில் நின்றாய். எனக்காக ஒரு வார்த்தை பேசுவாய் என்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ புதுச் செருப்பின் வாரை மாட்டிக்கொண்டிருந்தாய். பிறகு இரண்டு பேரும் கோச்சி ஏற ஸ்டேஷனுக்கு இறங்கிப் போனீர்கள். வளைவு திரும்பும்போது நீ கையசைத்தாய். நான் அசைக்கவில்லை. பார்த்தாயா அதை?

நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தாய். அதற்கப்புறம் பதினைந்து நாள் கொழுந்து நிரையில் உன் வாய் மூடவில்லை. காலிமுகத்திடல் கடற்கரையில் சாயங்காலம் பட்டம் விட்ட ஜனங்கள், தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் ஆடிய யானைகள், ஒரு பெரிய கடையில் ஆளை அப்படியே மேலே தூக்கிக்கொண்டு போன லிப்டு, அதற்குள் நீ பயந்து மச்சான் சட்டையைப் பிடித்தது, துறைமுகத்தில் நின்ற கப்பலின் உயரம். "எங்களைப் பாத்து அந்த லிப்டுக்காரன் சிரிச்சுப்புட்டான்டி" என்றாய்.

எங்களை. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குள் ஏதோ சுட்டது. அதுவரை நீ வாயைத் திறந்தால் 'நாம', 'நம்ம' என்றுதான் வரும். அதில் நான் இருந்தேன். கொழும்பிலிருந்து வந்தவள் 'நாங்க' என்றாய். அதில் நான் இல்லை.

"நீ ஒண்ணுமே கேக்க மாட்டியாடி?" என்று ஒருநாள் என் கூடையைப் பிடித்து நிறுத்தினாய்.

"என்னாத்தக் கேக்க? நீதான் எல்லாத்தயும் சொல்லிக்கிட்டே இருக்கியே" என்றேன்.

அப்போதுதான் அந்தப் படத்தைக் காட்டினாய். காலிமுகத்திடலில் படம் பிடிக்கிற ஒருவர் எடுத்தது. மச்சான் பட்டாளத்துக்காரர் மாதிரி விறைப்பாக நிற்கிறார். நீ ஒரு கையில் செருப்பைத் தூக்கிப் பிடித்திருக்கிறாய். புடவையின் ஓரம் நனைந்திருக்கிறது. தலைமுடி முழுக்கக் காற்று. வாய் திறந்து, ஒரு கண் சுருங்கி, எதையோ சொல்லிச் சிரிக்கிறாய். அவ்வளவு அழகாக உன்னை நான் பார்த்ததே இல்லை. என்னோடு இருந்த அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நீ அப்படிச் சிரித்ததில்லை என்று தோன்றியது. "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கொழுந்தைக் கிள்ளப் போய்விட்டேன்.

பிறகு நாமும் கிளம்பினோம். தலைமன்னாரில் காலை வெயிலில் வரிசையாக நின்று கப்பல் ஏறினோம். நமக்குக் கீழ்த்தட்டு. மூட்டைகளும் பெட்டிகளும் அழுகிற பிள்ளைகளுமாக நடக்க இடமில்லை. கப்பல் நகர்ந்து கொஞ்ச நேரத்திலேயே அம்மாவுக்குத் தலை சுற்றி வாந்தி ஆரம்பித்தது. நான் கும்பாவைப் பிடித்துக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். மச்சான் கப்பல் ஆள் ஒருவரிடம் சிநேகம் பிடித்து, புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் என்று சொல்லி, மேல்தட்டுக்குப் போக அனுமதி வாங்கிவிட்டார். நீயும் அவரும் படியேறிப் போனீர்கள். மேலேயிருந்து உன் சிரிப்புச் சத்தம் கேட்டது. அத்தனை சத்தத்திலும் அது மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டது.

ஒன்றை நான் மறைக்கக் கூடாது. நீ இறங்கி வந்தாய். உன் முகமெல்லாம் உப்புக் காற்று.

"மேல போடி பாக்கியம். ரெண்டு பக்கமும் கடலு. கண்ணு கொள்ளாது. அம்மாவ நான் பாத்துக்கிறேன்" என்றாய்.

"எனக்கு ஒண்ணும் வேணாம். நீ போ, ஒம்புருசன் தேடுவாரு."

"சொன்னாக் கேளுடி. மூணு மணி நேரந்தான். அப்புறம் பாக்க ஏலாது."

"போங்கிறேன்ல!"

நீ அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி மேலே போனாய். அம்மா வாயைத் துடைக்கத் துணி எடுக்க உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். துண்டுக்குள் சுற்றி அந்தப் படம் இருந்தது. எடுத்தேன். ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு கம்பியோரம் போனேன். முதன்முதலாகக் கடலைப் பக்கத்தில் பார்த்தேன் அக்கா. பார்த்தபோது என்ன நினைத்தேன் என்று கேட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. கையில் இருந்ததைப் போட்டுவிட்டேன். அது முழுகவில்லை. முகம் மேலே பார்த்தபடி, கப்பல் விலக விலக, ஆடிக்கொண்டே மிதந்தது.

இந்தியாவில் இறங்கி மண்டபம் முகாமில் தங்கியபோது நீ பெட்டியை மூன்று தடவை கவிழ்த்துத் தேடினாய். இறங்கின இடத்தில் சோதனை போட்டவர்கள் கிளறியதில் விழுந்திருக்கும் என்றார் மச்சான். "ஆமா, அந்த மீசைக்காரருதான் துண்டையெல்லாம் ஒதறிப் பாத்தாரு" என்று நானும் சேர்ந்துகொண்டேன். பாவம், யார் பெற்ற பிள்ளையோ, அம்மாவிடம் அவ்வளவு சாபம் வாங்கினார். அன்று நீ சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

அப்புறம் கோத்தகிரிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அதே குளிர், அதே செடி, அதே கூடை. சுற்றி இருக்கிறவர்களுக்கு மட்டும் நாம் 'சிலோன்காரங்க'. இங்கேயும் உன் கொழும்புக் கதைக்கு ஆள் கிடைத்தது. "தெய்வானக்கா, அந்த லிப்டுக் கதையச் சொல்லுங்க" என்று பெண்கள் கேட்பார்கள். படம் போய்விட்டதால் நீ எழுந்து நின்று, செருப்பைக் கையில் தூக்கிக் காட்டி, நடித்தே காட்டுவாய். நான் இரண்டு நிரை தள்ளிப் போய்விடுவேன். ஒரு படத்தைத் தண்ணீரில் போட்டால் கதையும் போய்விடும் என்று நினைத்த முட்டாள் நான்.

எனக்குக் கல்யாணம் ஆகி ஊட்டியில் இந்தக் காந்தலுக்கு வந்தேன். இவர் காய்கறி மண்டியில் மூட்டை இறக்குகிறவர். இந்த ஊர்க்காரர், பேச்சு கொஞ்சம் இழுவை. கல்யாணமான மாதமே இவரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, நம்மளும் எங்கயாச்சும் சுத்திப் பாக்கப் போலாமுங்களா? கடலு மாதிரி எதாச்சும்."

"கடலுக்கு நா எங்க புள்ள போவேன்? ஏரிதான் இருக்குது. வாரியா?"

போனோம். பூங்காவில் கண்ணாடி வீட்டுக்குள் இருந்த பூக்களைப் பார்த்தோம். ஏரியில் மோட்டார் படகில் ஏறினோம். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்: அங்கே யானை ஆடியது, இங்கே ஆடவில்லை. அங்கே நாலு நாள், இங்கே அரை நாள். அந்தத் தண்ணீருக்குக் கரையே தெரியாது, இதற்கு நாலு பக்கமும் கரை தெரிகிறது. "என்ன புள்ள, மூஞ்சிய இப்பிடி வெச்சிருக்கற? பிடிக்கலியா?" என்று இவர் கேட்டார். பாவம், அன்றைக்காக மண்டியில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார்.

ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் வந்து பெருமையடித்தேன். உனக்கும் ஒரு முறை எரியட்டும் என்றுதான் வந்தேன். நீ என்ன செய்தாய்? அடுப்பை அணைத்துவிட்டு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாய்.

"போட்டு ஆடுச்சாடி? பயந்தியா? அவரு கையப் புடிச்சியா? தண்ணியத் தொட்டுப் பாத்தியா? எல்லாத்தயும் மொதல்ல இருந்து சொல்லு."

முழுக்கக் கேட்டாய். கேட்டுவிட்டு, "ஏனுங்கன்னா கூப்புடுற அவர? ஊட்டிக்காரியாவே ஆகிட்டாளே எந்தங்கச்சி" என்று கன்னத்தைக் கிள்ளினாய். துளிகூடப் பொறாமை இல்லை உன்னிடம். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. பொறாமைகூடப் படாமல் இருக்க உன்னால் எப்படி முடிந்தது?

போன வருஷம் மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் ஐந்தே நாள். அதைப் பற்றி எழுத மாட்டேன். உனக்கே தெரியும்.

பதினாறாம் நாள் படம் மாட்டவேண்டும் என்றார்கள். தேடினால் உன்னுடைய படம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது, பாஸ்போர்ட்டில். சிலேட்டில் எண் எழுதிக் கழுத்துக்குக் கீழே பிடிக்கச் சொல்லி எடுத்தார்களே, அது. மச்சான் அதைக் கொடுத்துப் பெரிதாக்கிக் கொண்டுவந்து சுவரில் மாட்டினார். திருடிப் பிடிபட்டவள் மாதிரி நீ எங்களைப் பார்த்தாய். உன் மகள் குட்டி, நாலரை வயசு, அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இது எங்கம்மா இல்ல. எங்கம்மா சிரிப்பாங்க."

மச்சான் மெதுவாக, "சிரிச்ச படம் ஒண்ணு இருந்துச்சும்மா. தொலஞ்சு போச்சு" என்றார்.

அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் மூன்று மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் மச்சான் குட்டியைக் கூட்டிக்கொண்டு காந்தலுக்கு வந்தார். குட்டி வெளியே இவரோடு விளையாடிக்கொண்டிருந்தாள். தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன்.

"அந்தப் படம் தொலயல மச்சான். நாந்தான் எடுத்துக் கடல்ல போட்டேன்."

அவர் டம்ளரைத் தொடவில்லை. "ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

"பொறாம. எங்கக்காவ நீங்க கூட்டிக்கிட்டுப் போயிட்டீங்கன்னு."

அவர் கண்ணில் தண்ணீர் இல்லை, கோபம்தான் இருந்தது.

"ஒனக்குப் பொறாமயா? எனக்கு எப்புடி இருந்துச்சுன்னு தெரியுமா ஒனக்கு? நாலு நாளும் ஒம்பேச்சுதான். ஆன ஆடுறப்ப 'பாக்கியம் பாத்திருக்கணும்'னா. லிப்டுல ஏறுனா 'பாக்கியம் கத்தியிருப்பா'ன்னா. ரெண்டாவது நாளு, நான் பொண்டாட்டியக் கூட்டியாந்தேனா, இல்ல மச்சினிச்சியக் கூட்டியாந்தேனான்னு எனக்கே சந்தேகமாப் போச்சு. வாய விட்டுச் சண்டகூடப் போட்டேன், 'இன்னொரு தடவ அந்தப் பேரச் சொன்னா நான் திரும்பிப் போயிருவேன்'னு. அப்பறந்தான் நிப்பாட்டுனா. அந்தப் படத்துல என்னா சொல்லிச் சிரிச்சான்னு நெனக்கிற? படம் புடிக்கிறவரு 'சிரிங்க'ன்னாரு. 'எந்தங்கச்சி இருந்தா இந்நேரம் ஒங்க பொட்டியவே தண்ணில தள்ளியிருப்பா'ன்னு அவருகிட்டச் சொன்னா. சொல்லிட்டு அவளே சிரிச்சா. நான் மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு நின்னேன்."

அவர் எழுந்தார். தேத்தண்ணி அப்படியே இருந்தது. குட்டியைத் தூக்கிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஏன் அக்கா என்னிடம் அதைச் சொல்லவில்லை? மச்சானுக்குப் பயந்தாயா? அல்லது நான்தான் ஒவ்வொரு முறையும் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து போய் உன்னைச் சொல்லவே விடவில்லையா? இரண்டு பேர் உனக்காக இரண்டு பக்கமும் நின்று எரிந்துகொண்டிருக்க, நீ நடுவில் செருப்பைத் தூக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாய். கப்பலில் நீ கூப்பிட்டபோது நான் வந்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

மச்சான் எட்டு மாதம் பேசவில்லை. அப்புறம் போன வாரம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். மன்னித்துவிட்டார் என்று நினைக்காதே. மன்னித்தேன் என்று அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. வேறு செய்தி சொல்ல வந்தார். அவருக்கு மறுபடி கல்யாணம் பேசியிருக்கிறது. கூடலூர்ப் பக்கத் தோட்டத்தில் இருக்கிற வசந்தா என்கிற பெண். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தாயோடு வந்தவள், சிலோனில் பதுளைப் பக்கம். இன்னமும் கப்பல் வந்துகொண்டுதான் இருக்கிறது அக்கா, ஆட்களும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மச்சான், குட்டி, அம்மாவோடு நானும் போய்ப் பார்த்தேன். குறை சொல்ல ஏதாவது கிடைக்கும் என்றுதான் போனேன். கிடைக்கவில்லை. அமைதியான பெண். உன்னைவிட இரண்டு வயசு குறைவு, எனக்கு ஒரு வயசு மூத்தவள். குட்டிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். குட்டி அவள் மடியில் சாய்ந்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். என் வயிறு எப்படி எரிந்தது தெரியுமா? உனக்குப் பதிலாக நான் எரிந்தேன். நீ பொறாமைப்படாமல் விட்டதையெல்லாம் சேர்த்து நானே பட்டுக்கொள்கிறேன்.

இன்னும் கேள். கல்யாணம் முடிந்து மச்சான் அவளை மைசூருக்குக் கூட்டிப் போகிறாராம். அரண்மனை, மிருகக்காட்சிசாலை, எல்லாம். இரண்டு நாள். குட்டியை என்னிடம் விட்டுப் போவதாகப் பேச்சு. நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். வசந்தா என்னைப் பார்த்துக் கேட்டாள்: "குட்டிய ஏன் விட்டுட்டுப் போகணும்? நீங்களும் ஒங்க வீட்டு அண்ணனும் கூட வாங்களேன். எல்லாருமாப் போவம். எனக்கும் அங்க யாரையும் தெரியாது."

'எனக்கு ஒண்ணும் வேணாம்' என்பது நாக்கு நுனி வரை வந்தது. மச்சான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாரோம்" என்றேன்.

அம்மா அதோடு விடவில்லை. பஸ்ஸுக்கு நடக்கும்போது சொன்னாள்: "இனி அவதான் ஒனக்கு மூத்தவ. மொறையா அக்கான்னு கூப்புடு. பேரச் சொல்லிக் கூப்புட்டா நாலு பேரு என்னா நெனப்பாங்க?"

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், தெய்வானக்கா. மைசூருக்குப் போவேன். அவளோடு சேர்ந்து அரண்மனையைச் சுற்றிப் பார்ப்பேன். அவள் பிள்ளை பெற்றால் நான்தான் மருந்து அரைத்துக் கொடுப்பேன். அவளுக்குக் காய்ச்சல் என்றால் கோத்தகிரிக்கு முதல் பஸ்ஸில் போய் நிற்பேன். ஆனால் சாகும் வரைக்கும் அவளை வசந்தா என்று பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். அம்மா திட்டட்டும், ஊர் சிரிக்கட்டும். அந்த இன்னொரு சொல்லை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உனக்குப் பின்னால் பிறந்த ஒரே தங்கச்சி,
பாக்கியம்,
காந்தல்.